ஆயில் பாத்தியா?

உலகத்தின் முதல் ஆட்டோமேட்டிக் கியரைக் கண்டுபிடித்தது அமெரிக்காக்காரன் என்று அடித்துச் சொல்பவர்கள், அரவைப் பருவத்தில் பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் சர்க்கரை ஆலை வாசலில் நின்று பார்க்காதவர்கள். கரும்பு ஏற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது காளை தானாகவே அடியைச் சுருக்கும். சமதளம் வந்தால் தானாகவே எட்டிப் போடும். பாரம் எல்லை மீறினால் யாரையும் கேட்காமல் படுத்துவிடும். கிளட்ச் இல்லை, லிவர் இல்லை. பழுது நீக்கும் முறையும் ஒன்றே ஒன்றுதான்: வாலை முறுக்குவது. அதற்கும் மசியவில்லை என்றால் பாரத்தை இறக்குவது.

ஆனால் அந்த வண்டிக்கும் எண்ணெய் வேண்டும். வைக்கோலைக் கரித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, அச்சில் பூசுவார்கள். வண்டி மை என்று பெயர். அதைப் பூசாத சோம்பேறி எவன் என்று ஊரில் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. அவன் தெருமுனைக்கு வரும் முன்பே அச்சின் ஓலம் வந்து சேர்ந்துவிடும். காளையைத் திட்டுவான், சக்கரத்தை உதைப்பான், தச்சனைக் குறை சொல்வான். கடைசியில் எவனாவது ஒரு பெரிசு திண்ணையில் இருந்தபடியே கேட்பார்: “மை போட்டியாடா?”

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைக் கேட்க மறந்தவர்களின் வரலாறு.

மாட்டு வண்டியைவிட, அதற்குப் பின்னால் நிற்கும் கரும்பு லாரி டிரைவரின் பாடுதான் பரிதாபம். பத்தடி நகர வேண்டும், நிற்க வேண்டும். மறுபடி பத்தடி. ஒவ்வொரு பத்தடிக்கும் இடது கால் கிளட்சை மிதித்து, அரை கிளட்சில் தாங்கி, விட வேண்டும். விடிய விடிய வரிசை. இந்த இடது காலுக்கு ஓய்வு கொடுக்கத்தான் மேல்நாட்டான் பணத்தையும் மூளையையும் கொட்டினான், ஒரு மாபெரும் தொழிற்சாலையை எரிய விட்டான், திமிங்கிலத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. எறையூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் நிதானமானவர்கள். 2022இல் இங்கே காலணித் தொழிற்பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். உலகம் முழுக்க இடது காலுக்கு வேலை போனாலும் அதற்கும் ஒரு செருப்பு வேண்டுமல்லவா?

கதையை 1904இல் தொடங்கலாம். பாஸ்டனில் ஸ்டர்டவன்ட் சகோதரர்கள் ஒரு தானியங்கிக் கியரைச் செய்தார்கள். எஞ்சின் வேகம் பிடித்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டிகள் வெளிப்பக்கமாக வீசப்பட்டு அடுத்த கியரைப் பிடிக்கும். வேகம் குறைந்தால் திரும்ப வரும். யோசனை பிரமாதம். அந்தக் காலத்து இரும்புதான் அந்த வீச்சைத் தாங்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியரும் அதன் ரிப்பேரும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன.

அடுத்த ஆண்டே, காரைப் பற்றிக் கவலையே படாத ஒரு ஜெர்மானியர் விடையைக் கண்டுபிடித்துவிட்டார். ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற பொறியாளருக்கு ஒரு சிக்கல். நீராவி டர்பைன் தலைதெறிக்கச் சுற்றும். கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளும். இரண்டுக்கும் நடுவே வைக்க அவ்வளவு பெரிய பற்சக்கரத்தை வெட்டுவது அன்றைக்குப் பெரும்பாடு. ஃபோட்டிங்கர் பற்களையே தூக்கி எறிந்தார். இதழ் இதழாகத் தகடு வைத்த இரண்டு சக்கரங்களை எதிரெதிரே நிறுத்தி, நடுவில் திரவத்தை நிரப்பினார். ஒன்று திரவத்தை வீசும். வீச்சு பட்டு மற்றது சுற்றும். ஒன்றையொன்று தொடாது. இடையில் ஸ்டேட்டர் என்று மூன்றாவதாக ஒன்றை வைத்தார். திரும்பி வரும் திரவத்தை அது சரியான கோணத்தில் மடக்கி அனுப்ப, இழுவைச் சக்தி பெருகியது. 1905இல் காப்புரிமை. இன்றைக்கு நம் பட்டறைகளில் ‘கன்வர்ட்டர்’ என்று சொல்லி உருட்டிக்கொண்டு போகிறார்களே, அந்தப் பூசணிக்காய் வடிவ இரும்புக் குண்டின் பூர்வீகம் இதுதான். அவர் ஊற்றியது தண்ணீர். கப்பலில் அதற்குப் பஞ்சம் இல்லை.

அதை ரோட்டுக்குக் கொண்டுவரும் யோசனை லண்டனில் பிறந்தது. அங்கே பஸ் கிளம்பும்போதெல்லாம் நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஹரால்ட் சின்க்ளேர் என்பவர் ஃபோட்டிங்கரின் திரவ இணைப்பைப் பஸ்ஸில் பூட்டினால் இந்தக் குலுக்கல் குறையுமே என்று யோசித்தார். 1926இல் சோதனைகள் தொடங்கின. நம் ஊரில் இதற்கு இயந்திரமே தேவைப்படவில்லை. “உள்ள போ, உள்ள போ” என்று கண்டக்டர் அடைத்துவிட்டால் யாரும் யார் மேலும் சாய இடம் இருக்காது.

இடையில் கனடாவின் ரெஜைனா நகரத்திலிருந்து ஆல்ஃபிரட் ஹார்னர் மன்ரோ என்பவர் கிளம்பினார். நீராவி எஞ்சினியர். எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், அழுத்திய காற்றே போதும் என்று 1921இல் ஒரு கியர்பாக்ஸை வடிவமைத்தார். 1923இல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. எதை அழுத்தினால் எது நகரும் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. மன்ரோவின் பெட்டி கடைக்கே வரவில்லை. காற்றை விற்றுக் காசு பார்க்கும் வித்தை மேடைப் பேச்சாளர்களுக்கு மட்டுமே கைவந்தது.

1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் கடைசியாக வழியைப் பிடித்தது. வழி கண்டவர் பெயர் ஏர்ல் தாம்ப்சன். ஏற்கெனவே 1928இல் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் கொண்டுவந்து டபுள் கிளட்ச் போடும் வேலையை ஒழித்தவர். இப்போது கிளட்ச் பெடலையே ஒழித்தார். ஹைட்ரா-மேட்டிக் என்ற பெயரில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது வந்தது. கூடுதல் விலை 57 டாலர். உள்ளே எண்ணெய், எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் கிளட்ச் தகடுகளும் பட்டைகளும், எந்த வழியாக எண்ணெய் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் வால்வுகள். எல்லாம் இருந்தது, ‘பார்க்’ மட்டும் இல்லை. வண்டியை நிறுத்தினால் எஞ்சினை அணைத்துவிட்டு ரிவர்ஸில் தள்ளிவிட்டுப் போக வேண்டும். நம் டிரைவர்கள் மேட்டில் ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, டயருக்குக் கல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்களே, அதே சாஸ்திரம்.

பிறகு யுத்தம் வந்தது. 1942இல் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிக்குள் இரண்டு காடிலாக் கார் எஞ்சின்களையும் இரண்டு ஹைட்ரா-மேட்டிக்குகளையும் ஜோடியாகப் பூட்டிப் போர்க்களத்துக்கு அனுப்பினார்கள். ராணுவ விஞ்ஞானத்தின் உச்சம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், கையில் இருந்த கார்ச் சாமான்களை வைத்து ஒப்பேற்றிய வேலை. ஆச்சரியம், ஓடியது. பையன்களுக்கு டாங்கி ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் சுலபமாயிற்று. போர் முடிந்ததும் ‘களத்தில் சோதிக்கப்பட்டது’ என்று விளம்பரம் செய்து, அதே பெட்டியைக் குடும்பக் காரில் விற்றார்கள்.

விற்பனை எகிறியது. ஜெனரல் மோட்டார்ஸின் பரம வைரியான ஃபோர்டுகூடத் தன் லிங்கன் கார்களுக்கு இதைத்தான் காசு கொடுத்து வாங்கியது. மிச்சிகன் மாநிலத்து லிவோனியாவில் இதற்கென்றே தனியாகத் தொழிற்சாலை. ஏறத்தாழ 15 லட்சம் சதுர அடி, ஒரே கூரை, குறுக்கே தீத்தடுப்புச் சுவர் கிடையாது. 1953 ஆகஸ்ட் 12. மேலே டார்ச்சை வைத்து ஒரு குழாயை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பொறி தெறித்துக் கன்வேயருக்குக் கீழே இருந்த சொட்டுத்தட்டில் விழுந்தது. தட்டில் துருத்தடுப்பு எண்ணெய். தீ கூரைக்குத் தாவ, கூரையின் தார் உருகி ஒழுக, ஒழுகிய இடமெல்லாம் பற்றிக்கொண்டது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், கட்டடம் முழுவதும் போயிற்று. அதுவரை உலகம் கண்ட தொழிற்சாலைத் தீ விபத்துகளில் மிகப் பெரிய நஷ்டம் அதுதான். தட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன் ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

அடுத்து நடந்தது அமெரிக்கச் சாமர்த்தியம். கியர்பாக்ஸ் இல்லாமல் தவித்த காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் பங்காளியான ப்யூக்கிடம் டைனாஃப்ளோ பெட்டியைக் கடன் வாங்கிப் பூட்டிக்கொண்டன. போன்டியாக் செவ்ரோலேயிடம் கை நீட்டியது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் செய்த வில்லோ ரன் ஆலையைப் பிடித்து, சில வாரங்களிலேயே மறுபடி உற்பத்தியைத் தொடங்கினார்கள். நம் பக்கத்தில் இழப்பீட்டு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கவே அதைவிட நாளாகும்.

லாரிக்கு வருவோம். கொரியப் போர்க் காலத்தில் ஜிஎம்சி கம்பெனி எம்135, எம்211 என்ற இரண்டரை டன் ராணுவ லாரிகளில் ஹைட்ரா-மேட்டிக்கைப் பூட்டியது. ஓட்டத் தெரியாதவனும் ஓட்டலாம். பழுதானால்? பழுது பார்க்கத் தெரிந்தவனும் தலையைச் சொறிவான். கடைசியில் அமெரிக்க ராணுவம் கையால் கியர் போடும் எம்35 லாரியோடு குடும்பம் நடத்தப் போய்விட்டது. வியட்நாமிலும் அதற்குப் பின்னும் அதுதான் ஓடியது.

கனரக லாரியின் ஆட்டோமேட்டிக் கியருக்கு நிஜமான தகப்பன் இன்னொருவர். ஆனால் பிள்ளை பிறந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஜேம்ஸ் அலிசன் ரேஸ் பைத்தியம். 1909இல் இண்டியானாபொலிஸ் பந்தயத் திடலைக் கட்டிய நால்வரில் ஒருவர். ரேஸ் கார்களைச் சீர்படுத்த 1915இல் ஒரு பட்டறை வைத்தார், 1928இல் காலமானார். அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பட்டறையை வாங்கியது. போர்க் காலத்தில் சண்டை விமானங்களுக்கு வி-1710 எஞ்சின் செய்தது. பிறகு டாங்கிகளுக்குக் கியர்பாக்ஸ். அதற்கும் பிறகு பஸ், லாரி, சுரங்க டம்பர். பட்டறைக்காரர் பெயர் மட்டும் பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டது. இன்று சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே அந்தக் கம்பெனிக்கு ஆலை இருக்கிறது.

இப்போது திமிங்கிலம். இந்தப் பெட்டிகளில் ஊற்றும் சிவப்பு எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். கிளட்ச் தகடுகள் வெடுக்கென்று பிடிக்காமல் வழுவழுவென்று பிடிக்க அதைவிடச் சிறந்த சரக்கு அன்று இல்லை. நடுக்கடலில் தன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்த ஒரு ஜீவன், சிகாகோவில் எவனோ ஒருவன் சிக்னலில் குலுங்காமல் கிளம்புவதற்காக உயிரை விட்டது. 1973இல் அமெரிக்காவில் அருகிவரும் உயிரினங்களுக்கான சட்டம் வந்து, திமிங்கில எண்ணெய்க்கு முற்றுப்புள்ளி வைத்தது. மாற்று எண்ணெயை அவசர அவசரமாகத் தயாரித்தார்கள். அது கியர்பாக்ஸின் கூலரில் இருந்த ஈயப் பற்றை அரிக்கத் தொடங்கியது. கூலர் ரேடியேட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் சாமான். பற்று விட்டால் ரேடியேட்டர் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள். திமிங்கிலத்தின் சாபம் என்றே சொல்லத் தோன்றுகிறது. 1975வாக்கில் எண்ணெயைத் திருத்தினார்கள். ஆனால் அந்த வியாதி, அதாவது கூலர் ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுவது, இன்றைக்கும் பழைய வண்டிகளில் நிலைத்திருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் இந்தியா என்ன செய்துகொண்டிருந்தது? கியர் போட்டுக்கொண்டிருந்தது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955இல் அசோக் லேலண்டாகப் பெயர் மாற்றிக்கொண்ட எண்ணூர் ஆலையும், 1954இல் பென்ஸ் கூட்டில் லாரி செய்யக் கிளம்பிய ஜாம்ஷெட்பூர் டாடாவும் இடது கால் மேல் அசையாத நம்பிக்கை வைத்திருந்தன. டிரைவர் மலிவு, கிளட்ச் பிளேட் அதைவிட மலிவு. கியர் விழும்போது வரும் ‘கர்ர்ர்’ சத்தத்தை வைத்தே புது டிரைவரா, பழைய டிரைவரா என்று முதலாளி திண்ணையில் இருந்து சொல்லிவிடுவார்.

விதிவிலக்கு சுரங்கம். அரியலூர்ப் பக்கத்துப் பூமி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் சங்கும் சுண்ணாம்புக் கல்லாகிக் கிடக்கின்றன. அதைத் தோண்டி சிமென்ட் ஆக்குகிறார்கள். 1979இல் அரசின் டான்செம் ஆலை வந்தது. தனியார் ஆலைகளும் சுற்றிலும் வந்தன. சுரங்கக் குழியிலிருந்து பாரத்தோடு மேலே ஏறும் டம்பரில் கிளட்ச் வைத்தால் அன்றைய சாயங்காலமே தகடு கருகிவிடும். டார்க் கன்வர்ட்டர் இருந்தால் கருகுவது தகடு அல்ல, எண்ணெய். ஏறும்போது கன்வர்ட்டர் சூடும் எண்ணெயில் இறங்குகிறது. இறங்கும்போது பிரேக்கைக் காப்பாற்ற ரிட்டார்டர் வண்டியைப் பிடிக்கிறதே, அந்தச் சூடும் அதே எண்ணெயில். சித்திரை வெயில் இலவச இணைப்பு. வண்டியில் எல்லாரும் தங்கள் சுமையை எண்ணெயின் தலையில் கட்ட, எண்ணெய் தன் சுமையைக் கூலரின் தலையில் கட்டுகிறது. கூலரின் தலையிலோ ஒரு விரற்கடை சுண்ணாம்புத் தூசி.

இந்த டம்பர்கள் சுரங்கத்தில் ஓடித் தேய்ந்து, ஏலத்துக்கு வந்து, கை மாறும்போதுதான் நம் கதை சூடு பிடிக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் ஒன்று அசையாமல் படுத்திருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக இந்தப் பக்கத்தில் அசையாமல் கிடப்பவை, ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று ஓரங்கட்டிய ஏல வண்டிகள்.

போச்சு என்று தீர்ப்பு சொன்னவர் யார் என்று விசாரித்தால் சுவாரசியமாக இருக்கும். பட்டறையில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

“அண்ணே, கியர் போட்டா வண்டி இழுக்க மாட்டேங்குது. ஏறு ஏறுன்னு எஞ்சின்தான் கத்துது.”

“ஆயில் பாத்தியா?”

“பாத்தேண்ணே. கம்பில ஒட்டுச்சு.”

“எப்ப பாத்த?”

“காலைல.”

“வண்டி ஸ்டார்ட்ல இருந்துச்சா?”

“ஆயில் பாக்க எதுக்குண்ணே ஸ்டார்ட் பண்ணணும்?”

இந்த இடத்தில் மேஸ்திரி பீடியை அணைப்பார். எஞ்சின் ஆயிலை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்; கியர்பாக்ஸ் ஆயிலை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும், நியூட்ரலில் ஐடிலில் ஓட வேண்டும், எண்ணெய் வேலைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். குளிர்ந்தபோது பார்ப்பது, சூடாகும்வரை ஓட்டலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள மட்டும். இது தெரியாமல் நின்ற வண்டியில் பார்த்து, குறைகிறது என்று ஊற்றி, கூடுகிறது என்று வடித்து ஆட்டம் காட்டுவார்கள். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினாலோ சுற்றும் சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரை என்றாலும் காற்றுதான். இரண்டிலும் கிளட்ச் நழுவும், சூடு ஏறும். மன்ரோவின் காற்றுக் கியர்பாக்ஸை நூறு வருஷம் கழித்து நாமே செய்து வைத்திருப்போம்.

பின்னாளில் அலிசன் எலெக்ட்ரானிக் மூளை வைத்த கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. ஆயில் சென்சார் வைத்த பெட்டிகளில் டிரைவர் பக்கத்துப் பட்டன் பெட்டியில் மேல் அம்பையும் கீழ் அம்பையும் சேர்த்து அழுத்த வேண்டும். வண்டி நின்று எண்ணெய் வடியட்டும் என்று அது 8, 7, 6 எனக் கீழ்நோக்கி எண்ணும். எண்ணி முடித்து, எண்ணெய் சரியா, குறைவா, கூடுதலா என்று காட்டும். பழுதின் குறி எண்களைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு முறை அழுத்த வேண்டும். கம்ப்யூட்டரே முதலில் ஆயிலைப் பற்றித்தான் பேசுகிறது. நாமோ லேப்டாப்பைத் தேடிக்கொண்டு திருச்சிக்கு ஆள் அனுப்புகிறோம்.

அளவுக்குப் பிறகு நிறம். நல்ல எண்ணெய் சிவப்பாக, அடி தெரியும்படி இருக்கும். கறுத்துப் போய்க் கருகல் வாடை அடித்தால் தகடுகள் தேய்கின்றன என்று பொருள். கம்பியை இழுத்ததும் ரோஸ் மில்க் நிறத்தில் வந்தால் கதையே வேறு: கூலர் ஓட்டை, ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. அப்போது எஞ்சினை ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது. தண்ணீரும் அதிலிருக்கும் கூலன்ட் மருந்தும் கிளட்ச் தகட்டின் மேல்பூச்சை ஊற வைத்து உரித்துவிடும். “பட்டறை வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு வந்தேண்ணே” என்பவர், பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது முழுச் செலவை.

ஓட்டவும் கூடாது, இழுக்கவும் கூடாதா என்றால், இழுக்கலாம். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு. எஞ்சின் சுற்றினால்தான் உள்ளே பம்ப் சுற்றும். எஞ்சினை அணைத்துவிட்டு இழுத்தால் சக்கரம் சுற்றும், கியர்பாக்ஸின் பின்பாதி சுற்றும், எண்ணெய் மட்டும் வராது. நாலு ஆளை வைத்துத் தள்ளி ஸ்டார்ட் பண்ணும் நம் தேசிய விளையாட்டும் இதே காரணத்தால் இங்கே செல்லாது. ஊரே கூடித் தள்ளினாலும் எஞ்சின் சுற்றாது.

மேலே போகும், கீழே வரும், மறுபடி மேலே போகும் என்று கியர் ஒரு நிலையில் நிற்காமல் தடுமாறுவது இன்னொரு வியாதி. இதை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டம் என்றார்கள். 2002இல் இல்லை, பெரம்பலூரோடு சேர் என்றார்கள். 2007இல் மறுபடி தனி. மாவட்டத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆக்ஸிலரேட்டரில் யார் கால் இருந்தது என்பதுதான் விஷயம். கியர்பாக்ஸிலும் அதேதான். பழைய மாடல்களில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு மாடுலேட்டர் கேபிள் போகும். அது நீளம் மாறிப்போயிருந்தால், டிரைவர் எவ்வளவு மிதிக்கிறார் என்பதே பெட்டிக்குத் தப்பாகத் தெரியும். புது மாடலில் அதே வேலையைச் சென்சாரும் ஒயரும் செய்கின்றன. ஒயரை எலி கடித்திருக்கும், எர்த் துருவேறியிருக்கும், பேட்டரி வோல்ட் இறங்கியிருக்கும். மூளைக்குச் சேதி குழம்பினால் அது பயந்துபோய், இருக்கிற கியரிலேயே பூட்டிக்கொள்ளும். உடனே நாலு பேர் சேர்ந்து செயின் பிளாக் போட்டுப் பெட்டியை இறக்குவார்கள். எலி மட்டும் வண்டிக்குள்ளேயே இருக்கும்.

இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது: ஸ்டால் டெஸ்ட். முன்னால் ஆள் நிற்கக் கூடாது. கட்டை போட்டு, எல்லா பிரேக்கையும் பிடித்து, கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, எஞ்சின் எத்தனை சுற்றில் நிற்கிறது என்று பார்ப்பது. சில விநாடிதான், அதற்குமேல் போனால் எண்ணெய் கொதிக்கும். பிறகு நியூட்ரலில் ஓடவிட்டு ஆற வைக்க வேண்டும். கம்பெனி சொன்ன சுற்றைத் தாண்டி எகிறினால் உள்ளே கிளட்ச் நழுவுகிறது. கொஞ்சம் குறைந்தால் எஞ்சினுக்கே தெம்பில்லை: ஏர் ஃபில்டரைப் பார், டீசல் ஃபில்டரைப் பார், டர்போவைப் பார். ரொம்பவும் குறைந்தால் கன்வர்ட்டருக்குள் ஃபோட்டிங்கர் வைத்த அந்த ஸ்டேட்டர் பிடிமானம் இல்லாமல் சுழல்கிறது. பழி கியர்பாக்ஸ் மேல் விழுந்த வண்டிகளில் எத்தனையோ, அடைத்துப்போன ஏர் ஃபில்டரோடு நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக மருமகளைக் குறை சொல்லும் வீடு மாதிரி, எஞ்சின் இழுக்காவிட்டாலும் கியர்பாக்ஸ்தான் காரணம்.

அதன் பிறகு ஆயில் பிரஷர் கேஜ். பிரஷர் சரியாக இருந்தும் நழுவினால் தகடு தேய்ந்திருக்கிறது. பிரஷரே இல்லை என்றால் பம்ப், ஃபில்டர், வால்வு. சம்ப்பைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் மாதிரி நைசாகப் படிந்திருப்பது வயசுக்கு உரிய தேய்மானம். கையில் எடுத்தால் குத்துகிற துகளாக இருந்தால்தான் பெட்டியைத் திறக்கும் நேரம். எஞ்சினுக்கும் கன்வர்ட்டருக்கும் நடுவில் இருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் விரிசல் விட்டாலும் சடசடவென்று சத்தம் வரும். அதைக் கேட்டு முழுப் பெட்டியையும் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று மூடியவர்கள் உண்டு. மூடும்போது இரண்டு போல்ட் மிச்சம் இருந்திருக்கும்.

பெட்டியைப் பிரித்து, புதுத் தகடும் சீலும் போட்டு, பளபளவென்று பெயின்ட் அடித்து மாட்டியும் சில மாதத்தில் அதே வண்டி அதே கோளாறோடு திரும்பி வருவது உண்டு. மேஸ்திரியின் கை சரியில்லை என்று ஊர் பேசும். காரணம் பெரும்பாலும் கூலரில் இருக்கிறது. பழைய பெட்டி தேய்ந்தபோது உதிர்ந்த தூளெல்லாம் கூலரின் மெல்லிய குழாய்களுக்குள் போய்த் தங்கியிருக்கும். புதுப் பெட்டியை மாட்டி ஸ்டார்ட் பண்ணியதும் சூடான எண்ணெய் அதைக் கழுவிக் கொண்டுவந்து புதுத் தகடுகளின் மேல் கொட்டும். கூலரைக் கழுவுவது கடினம். பல மாடல்களில் மாற்றுவதுதான் ஒரே வழி. அந்தச் செலவை மிச்சம் பிடிக்கும் முதலாளி இரண்டாவது முறையும் பெட்டிக்கே செலவழிக்கிறார்.

பழைய டம்பரோ, ஆட்டோமேட்டிக் டிப்பரோ ஏலத்தில் எடுக்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். வண்டியைச் சூடாகும்வரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், கம்பியை நீங்களே இழுங்கள், வெள்ளைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், மோந்து பாருங்கள். நேற்றுத்தான் புது ஆயில் மாற்றினேன் என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் பழைய ஆயில் என்ன நிறத்தில் இருந்தது என்று கேளுங்கள். கியர்பாக்ஸ் புதிதாகக் கட்டியது என்றால் கூலர் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் கூலரும் மாறவில்லை என்று கணக்குப் போட்டு, அதற்கான தொகையை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.